கொள்ளளவியும் கொண்டென்சரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவுமில்லை. மாரியில் மட்டும் நீர் காணும் வழுக்கையாற்றை விட்டால், சுண்ணாம்புக்கற் பாறையின் இடுக்குகளிலே தேங்கி நிற்கும் மழைநீரே இம்மண்ணின் நீர்வளம். கிணறே அதன் வாயில். இவ்வுண்மையைப் பள்ளிப் புவியியலில் எழுதிப் புள்ளி பெறாதவர் நம்மில் எவருமிலர். ஆயினும் அந்த நீரை மேலே கொண்டுவரும் கருவியைப் பற்றி ஒரு பந்தியேனும் எழுத வல்லவர் நம்மில் எத்தனை பேர்? துலாவும் பட்டையும் சூத்திரமும் வழக்கொழிந்துவிட்டன. தோட்டத்து இறைப்புக்கு மண்ணெண்ணெய் இயந்திரமும் வீட்டுக் கிணற்றுக்கு மின்மோட்டருமாக நம் வாழ்க்கை மாறிப் பல்லாண்டுகள் கழிந்துவிட்டன. துலாவைப் பற்றி ஏக்கத்தோடு கவிதை எழுதும் நாம், அதன் இடத்துக்கு வந்த நீர்ப்பம்பியைப் பற்றி உரைநடையிலும் ஒன்றும் எழுதவில்லை. இம்மௌனத்தின் விலையை நாள்தோறும் நம் ஊரார் பணமாகச் செலுத்திக்கொண்டிருக்கின்றனர். அந்த விலையைக் கணக்கிட்டுக் காட்டுவதும், அதற்கு நம்மையும் பொறுப்பாளிகளாக்குவதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

வீட்டு நீர்ப்பம்பியின் மோட்டரோடு கைக்குள் அடங்கும் ஓர் உருளை பொருத்தப்பட்டிருக்கும். பாடநூல் அதனைக் கொள்ளளவி என்கிறது. திருநெல்வேலிச் சந்தையைச் சுற்றியுள்ள கடைகளில் அதன் பெயர் கொண்டென்சர். அது பழுதடைந்தால் மோட்டர் உறுமும், சுற்றாது. ஆளியைப் போட்டு, உறுமலைக் கேட்டு, மீண்டும் போட்டு, மீண்டும் கேட்டு, ஈற்றில் மோட்டர் எரிந்துவிட்டது என்று தீர்ப்பெழுதிப் புதிதொன்றை வாங்குவதே இன்று நம்மிடையே பெருவழக்காகிவிட்டது. உருளையின் விலையோடு ஒப்பிடுமிடத்துப் புதிய மோட்டரின் விலை இருபது முப்பது மடங்காகும். ஒரு செருப்பின் வார் அறுந்ததற்காகக் காலையே மாற்ற முனைவோர் உளரா? இங்கே உளர், அவர்கள் படித்தவர்களாகவும் உளர்.

இவ்வுருளையின் தொழில்தான் யாது? வீடுகளுக்கு வரும் மின்சாரம் தனி அவத்தை ஆடலோட்டம். நம் நாட்டில் 230 வோல்ற்று, செக்கனுக்கு 50 சுற்று. இவ்வோட்டம் ஒரு சுருளினூடே பாயும்போது தோன்றும் காந்தப்புலம் ஊஞ்சலைப்போல் முன்னும் பின்னும் ஆடுமேயன்றிச் சுழலாது. ஆடும் புலம் நின்றுகொண்டிருக்கும் அச்சை எத்திசைக்கும் தள்ளாது. அது நடுக்கத்தை மட்டுமே தரும். அந்த நடுக்கமே நாம் கேட்கும் உறுமல். ஆகவே மோட்டரில் இரண்டாவது சுருளொன்று கோணம் மாற்றி வைக்கப்படுகிறது. அதனோடு தொடரில் கொள்ளளவி இணைக்கப்படுகிறது. கொள்ளளவி தன்வழிச் செல்லும் ஓட்டத்தை முதற்சுருளின் ஓட்டத்துக்கு முந்தச் செய்கிறது. காலத்தால் வேறுபட்ட இரண்டு தள்ளல்கள் இடத்தாலும் வேறுபட்டு நிற்கும்போது புலம் சுழலத் தொடங்குகிறது. அச்சு அதன் பின்னே ஓடுகிறது. சுழலும் காந்தப்புலத்தை இத்தாலியரான கலிலியோ பெராறிசும், சேர்பியக் குடும்பத்தில் பிறந்த நிக்கொலா தெஸ்லாவும் 1888இல் தனித்தனியே உலகறியச் செய்தனர். நூற்றாண்டைக் கடந்த இந்த உண்மையில் மறைபொருள் ஏதுமில்லை. க.பொ.த. உயர்தர பௌதிகவியல் மாணவனுக்கு இதன் பெரும்பகுதி தெரியும்; கலைப்பீட மாணவனுக்கு அரைமணி நேரத்தில் விளங்கும்.

உருளையின் உள்ளே உலோகப் பூச்சுப் பூசிய மெல்லிய பிளாஸ்ரிக் படலம் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. மின்னழுத்தம் திடீரென ஏறும்போதெல்லாம் படலத்தில் நுண்துளை விழும். துளையைச் சூழ்ந்த பூச்சு ஆவியாகி அப்புண்ணைத் தானே ஆற்றிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் பூச்சின் பரப்புச் சிறிது குறையும், கொள்ளளவமும் குறையும். கூரைத் தகரத்தின் கீழ் வெப்பத்தில் வெந்துகொண்டிருக்கும் மோட்டரில் இது விரைவாகவே நிகழும். மேலே 25 மைக்கிரோபரட்டு, கூட்டியோ குறைத்தோ நூற்றுக்கு 5 என்று அச்சிடப்பட்டிருந்தால், பல்மானியில் அது 23.75க்கும் 26.25க்கும் இடையில் அளவு காட்டவேண்டும். 12 என்று காட்டினால் கதை முடிந்தது. முடிந்தது உருளையின் கதையேயன்றி மோட்டரின் கதையன்று.

மாற்றும் முறையும் சிக்கலானதன்று; ஆனால் ஒழுங்கு தவறலாகாது. முதலில் மின்னிணைப்பை முற்றாகத் துண்டிக்கவேண்டும்; ஆளியை அணைத்தால் மட்டும் போதாது. துண்டித்த பின்னரும் கொள்ளளவியில் ஏற்றம் எஞ்சியிருக்கும். தொட்டவனைத் தூக்கியெறியும் ஆற்றல் அதற்குண்டு. ஆதலால் முனைகளுக்கிடையே 10,000 ஓம் அளவிலான தடையியொன்றை வைத்து ஏற்றத்தை இறக்கிய பின்னரே கை வைக்கவேண்டும். திருப்புளியால் முனைகளைக் குறுக்கிட்டுப் பொறி பறக்கவிடும் வித்தை வீரமன்று. புதிய உருளையின் மைக்கிரோபரட்டு பழையதற்குச் சமமாகவும், வோல்ற்றளவு பழையதற்குக் குறையாமலும் இருக்கவேண்டும். 450 வோல்ற்று என்றிருந்த இடத்தில் 250ஐப் பொருத்துவது வெடிப்பை விலைகொடுத்து வாங்குவதாகும். மின்வேலை பழகாதவர் இதனைத் தாமே செய்தல் வேண்டும் என்று நாம் வற்புறுத்தவில்லை. ஆனால், உறுமும் மோட்டரை உடனே நிறுத்தவேண்டும் என்பதை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும். நின்ற நிலையில் உறுமும் மோட்டர் தன் வழமையான ஓட்டத்திலும் பன்மடங்கு ஓட்டத்தை இழுக்கும். அதை அப்படியே விட்டுவைத்தால் சுருள் உண்மையாகவே எரியும். எரியாத மோட்டரை எரிந்ததென்று நம்புவோர் சற்றுப் பொறுத்து அதனை எரியவும் வைத்துவிடுகின்றனர்.

நம் பல்கலைக்கழகத்தைச் சூழ மாணவர் வாடகைக்கு இருக்கும் வீடுகளில் இந்நாடகம் ஆண்டுதோறும் அரங்கேறுகிறது. நாம் இருந்த வீடொன்றில் மோட்டர் உறுமத் தொடங்கிய நாளில் திருத்துநர் ஒருவர் வந்தார். மூடியையும் கழற்றாமல், “அம்மா, இது முடிஞ்சுது. புதிசு போடுங்கோ” என்றார். வீட்டுக்கார அம்மா, “சரி தம்பி, உங்களுக்குத்தானே தெரியும்” என்றார். அங்கு நின்ற நான்கு பட்டதாரி மாணவரும் அவ்விடையையே தமது விடையாகக் கொண்டு தலையசைத்தோம். பணம் கையிலில்லாமையால் புதிய மோட்டர் வாங்குவது பிற்போனது. இடையில் வேறொரு முதியவர் வந்து உருளையை மாற்றினார். பழைய மோட்டர் இன்றும் ஓடுகிறது. முதலில் வந்தவர்மீது பழி சுமத்துவது எளிது. ஆனால் பொதுவாக நோக்குமிடத்து, கேள்வி கேட்கப்படாத இடத்தில் எத்தொழிலும் சோம்பும். வைத்தியமும் சோம்பும், விரிவுரையும் சோம்பும். உருளையில் அச்சிட்ட அளவு என்ன, மானி காட்டும் அளவு என்ன, சுருளின் தடையை அளந்து பார்த்தீரா என்னும் மூன்று கேள்விகளைக் கேட்கத் தெரிந்த ஒருவர் அங்கு இருந்திருப்பின் முதல் மனிதரும் மூடியைக் கழற்றியிருப்பார். கேட்கத் தெரியாதிருந்தமைக்கு நம் கல்வியே பொறுப்பு.

இக்குடாநாட்டார் என்றும் இவ்வாறு இருந்தாரல்லர். 1990இல் போர் மீண்டும் மூண்ட பின்னர் குடாநாடு தேசிய மின்வலையமைப்பிலிருந்து அறுந்தது. அவ்விணைப்பு மீண்டும் முழுமை பெற்றது 2013இல் ஆகும். பொருளாதாரத் தடையின் கீழ் எரிபொருளும் மின்கலமும் அரும்பொருள்களாயின. அக்காலத்தில் துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் இவ்வூரார். சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயால் வாகனத்தை ஓட்டியவர்கள் இவ்வூரார். ஜாம் போத்தலில் பஞ்சும் கொஞ்ச மண்ணெண்ணெயும் இட்டு விளக்கேற்றிப் பரீட்சைக்குப் படித்தவர்களே இன்று நமக்குப் பெற்றோராகவும் ஆசிரியராகவும் இருக்கின்றனர். அந்த வறுமையைப் போற்றுவது நம் கருத்தன்று. தடையும் போரும் எவருக்கும் வேண்டா. ஆனால் ஒரு பொருளின் உள்ளே என்ன இருக்கிறது, எது பழுதானது, எது இன்னும் உயிரோடிருக்கிறது என்று பிரித்தறியும் பழக்கம் அன்று ஒரு சமூகத்தின் பொதுச்சொத்தாக இருந்தது. 2009க்குப் பின்னர் ஏ-9 வீதி வழியே பொருள்கள் தடையின்றி வந்து குவிந்தபோது, அப்பொதுச்சொத்தை நாம் கணக்கெடுக்காமலே கைவிட்டோம். அதனை எழுதிவைத்தவர் எவருமில்லை.

2022 அதற்கான தண்டனையை நினைவூட்டியது. நாணயம் வீழ்ந்தது; இறக்குமதி சுருங்கியது; மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிலவியது. ஓகத்தில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. தோட்டக்காரரும் கடற்றொழிலாளரும் பட்ட பாட்டை நாம் கண்ணாற் கண்டோம். அந்த மாதங்களில் திருத்தத் தெரிந்தவன் தன் வீட்டை மட்டுமன்றி அயலையும் காத்தான். இறக்குமதிப் பொருளை நம்பி வாழும் சிறிய நாட்டில் திருத்தும் அறிவு பொழுதுபோக்கன்று. அது நெல்லைப் போலச் சேமிக்கப்படவேண்டிய ஒன்று.

இவ்விடத்தில் எதிர்வாதமொன்று எழும். பழையதைத் திருத்தித் திருத்தி வைத்திருப்பதிலும் புதியதை வாங்குவது மின்சாரத்தை மிச்சப்படுத்தாதா என்பர் சிலர். நியாயமான கேள்வி, அதற்கு உணர்ச்சியால் அன்றிக் கணக்கால் விடை கூறவேண்டும். நம்மவர் பலர் குடியேறியுள்ள குளிர்நாடுகளில் வீட்டை வெப்பமாக்கச் சுடுநீரைக் குழாய்களினூடே சுற்றியோடச் செய்யும் சிறு பம்பியொன்று உண்டு. அதன் பழைய வகைகளிலும் இதே கொள்ளளவிதான். கோடை முழுதும் ஓய்ந்திருந்து குளிர்காலத்தின் முதல்நாளில் உறுமி நிற்பதும் அதற்குரிய நோய்களில் ஒன்று. அப்பம்பி 80 வாற்று இழுத்துக்கொண்டு குளிர்காலத்தின் 200 நாளும் இரவுபகல் ஓடுமாயின் 384 அலகு மின்சாரம் செலவாகும். அதனிடத்தில் 10 வாற்றில் ஓடும் புதிய வகையை வைத்தால் 48 அலகே செலவு. ஐரோப்பிய ஒன்றியம் 2013 சனவரி முதல் இவ்வகைப் பம்பிகளுக்கு வினைத்திறன் எல்லை விதித்தமைக்கு இதுவே காரணம். அங்கே மாற்றுவது அறிவு.

இங்கே நம் கிணற்று மோட்டர் 750 வாற்று என்று கொள்வோம். தொட்டி நிரம்ப நாளொன்றுக்கு அரைமணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 137 அலகு. புதிய மோட்டர் அதில் ஐந்திலொன்றை மிச்சப்படுத்தும் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் கிடைப்பது 27 அலகு. அந்த 27 அலகுக்காக நல்ல செப்புச் சுருளையும் வார்ப்பிரும்பையும் பழைய இரும்புக்காரனுக்கு நிறுத்துக் கொடுப்பது எந்தக் கணக்கில் இலாபம்? சுருள் உண்மையாகவே எரிந்திருந்தால், உப்புநீர் உடலை அரித்திருந்தால், அச்சுத் தேய்ந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். நாம் எதிர்ப்பது கணக்கில்லாத மாற்றத்தை. செல்வம் கொழிக்கும் ஐரோப்பாவே 2024இல் குளிரூட்டி, சலவை இயந்திரம், கைத்தொலைபேசி முதலான பொருள்களைத் திருத்திப் பயன்படுத்துவதை நுகர்வோரின் உரிமையாக்கிச் சட்டப் பணிப்பு இயற்றியது என்பதையும் இவ்விடத்துக் குறிப்பிடுதல் தகும்.

இரண்டாவது எதிர்வாதம் நம் வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது. இஃது எந்திரவியலாளர் வேலை. கலைப்பீடத்தாருக்கும் தமிழ்ச் சங்கத்துக்கும் இதில் என்ன அலுவல் என்பதே அது. எந்திரவியற் பீடமும் தொழில்நுட்பப் பீடமும் கிளிநொச்சியில் இருக்கின்றன. எனவே அந்த அறிவும் கிளிநொச்சியிலேயே இருக்கட்டும் என்பது போன்ற பேச்சு இது. இப்பேச்சின் வேரைத் தோண்டினால் இயற்பியல் அகப்படாது, சாதியே அகப்படும். நம் நிலவுடைமைச் சமூகம் கைவினை ஒவ்வொன்றையும் ஒரு பிறப்போடு கட்டிவைத்தது. இரும்பைத் தொட ஒரு குலம், மரத்தைத் தொட ஒரு குலம், ஏடு பிடிக்க வேறொரு குலம் என்று பிரித்தது. பின்னர் ஆங்கிலக் கல்வி வந்தபோதும் அப்பிரிவு அழியவில்லை. ஏடு பேரேடாயிற்று, அவ்வளவே. ‘கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும்’ என்னும் பழமொழியை ஈன்ற மனப்பான்மை இன்னும் சாகவில்லை. 2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு தொடங்கப்பட்ட பின்னரும், அதனை வேறெதற்கும் ஆகாதவனின் புகலிடமாகப் பேசும் பெற்றோரை நாம் அறிவோம். சாதி ஒழிப்பைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதும் மாணவன், மோட்டரின் மூடியைத் திறப்பதைத் தனக்கு இழுக்கென்று கருதுவானாயின், அவன் எழுதுவது எதனைப் பற்றி?

மொழிப் பிரச்சினையும் இதனோடு பிணைந்தது. கொள்ளளவி என்னும் சொல் அழகியது. கருத்தைச் செம்மையாகப் புலப்படுத்துவது. தமிழகத்தார் மின்தேக்கி என்பர், அதுவும் நன்று. அரசகரும மொழித் திணைக்களம் 1950களிலும் 1960களிலும் வெளியிட்ட கலைச்சொற்றொகுதிகளால் நம் பாடசாலைகளில் அறிவியல் தமிழில் கற்பிக்கப்படலாயிற்று. அது பெருஞ்சாதனை. ஆனால் அச்சொற்கள் பரீட்சை மண்டபத்தின் வாயிலைத் தாண்டி வெளியே வரவில்லை. கொள்ளளவி என்று எழுதத் தெரிந்தவனுக்கு அதனைக் கழற்றத் தெரியாது. கழற்றத் தெரிந்தவனுக்குக் கொள்ளளவி என்றால் என்னவென்று தெரியாது. பட்டறையின் சொல்லைக் கொச்சையென்று இகழ்வோர் ஒன்றை அறிதல் நன்று: கொண்டென்சர் என்னும் பெயரை 1782இல் வழங்கியவர் வோல்ற்றா, ஆங்கில அறிவியல் வழக்குப் பின்னர் பெரும்பாலும் கைவிட்ட அப்பெயரை நம் பட்டறைகள் பேணிவைத்திருக்கின்றன. இரண்டு சொல்லும் ஒரே பொருளைக் குறித்தும் ஒன்றையொன்று சந்தித்ததில்லை. அவற்றைச் சந்திக்க வைப்பது தமிழ்ச் சங்கத்தின் வேலையல்லவென்றால் வேறெவருடைய வேலை?

இதற்கு நம் மண்ணிலேயே முன்மாதிரி உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார். நூல்களைத் தமிழில் ஆக்கினார், ஆக்குவித்தார். கத்தியைப் பிடிக்கும் கைக்கு அதன் சொந்த மொழியில் விளக்கம் வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். அவருக்குப் பின் ஒன்றரை நூற்றாண்டு கடந்துவிட்டது. நம் கடைகளில் விற்கப்படும் நீர்ப்பம்பிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். உள்ளிருக்கும் கைநூல் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ சீனத்திலோ இருக்கும். அதைப் பற்றி ஒரு முறைப்பாட்டுக் கடிதமேனும் எழுதாத நாம், ஆண்டுதோறும் மேடையில் மாலை சூட்டித் தமிழ்த்தாயை வாழ்த்துகிறோம். பட்டிமண்டபத்தில் கற்பிற் சிறந்தவள் எவள் என்று நடுவர் தீர்ப்பளித்துக்கொண்டிருக்கும் வேளையில், மண்டபத்துக்கு வெளியே ஒரு தாய் எரியாத மோட்டருக்கு ஈமக்கிரியை செய்ய நகையை அடைவு வைத்துக்கொண்டிருக்கிறாள். இலக்கியம் வேண்டாவென்று நாம் கூறவில்லை. வாழும் மொழிக்கு இலக்கியம் மட்டும் போதுமென்று கருதுவதையே மறுக்கிறோம்.

ஆகவே நம் கோரிக்கை தெளிவானது. தமிழ்ச் சங்கம் இவ்வாண்டிலேயே ஒரு சிறு கைநூலை வெளியிடவேண்டும். நீர்ப்பம்பி, மின்விசிறி, தையல் இயந்திரம், மின்விளக்கு ஆகிய நான்கோடு தொடங்கினால் போதும். கிளிநொச்சியிலுள்ள நம் தொழில்நுட்பப் பீட மாணவரும், திருநெல்வேலியிலும் கொக்குவிலிலும் கோண்டாவிலிலும் தொழில் புரியும் திருத்துநரும், கலைப்பீடத்து எழுத்தாளரும் ஒரே மேசையில் அமர்ந்து அதனை ஆக்கவேண்டும். ஒவ்வொரு உறுப்புக்கும் பாடநூற் சொல்லும் பட்டறைச் சொல்லும் அருகருகே அச்சிடப்படவேண்டும். எதைத் தொடலாம், எதைத் தொடலாகாது, திருத்துநரிடம் எதைக் கேட்கவேண்டும் என்பன தெளிவாக எழுதப்படவேண்டும். அடைப்புக் காலத்தில் பொருள்களை உயிர்ப்பித்த முதியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அவர்களிடம் சென்று கேட்டுப் பதிவு செய்யவேண்டும். வாய்மொழிக் கதைகளைச் சேகரிக்கத் தெரிந்த நம் துறைகளுக்கு அது புதிய வேலையன்று. நூலின் பக்கங்களைத் திருத்துநர்களே முதலிற் படித்துப் பிழை கூறவேண்டும். அவர்கள் ஒப்பாத பக்கம் அச்சேறலாகாது.

1921இல் இராமநாதன் நிறுவிய பரமேசுவராக் கல்லூரியின் வளவில் 1974இல் இப்பல்கலைக்கழகத்தின் வாழ்வு தொடங்கிற்று. அன்று தொட்டு இன்றுவரை இவ்வூரார் நமக்கு இடம் தந்து, வீட்டை வாடகைக்குத் தந்து, தம் கிணற்று நீரையும் தந்திருக்கின்றனர். அந்த நீரை இறைக்கும் மோட்டர் நின்றுபோகும் நாளில் அவர்கள் முகத்தைப் பார்த்துத் தலையசைப்பதற்கு மேல் நம்மிடம் எதுவுமில்லையெனில், நாம் பெறும் பட்டத்துக்கு அவர்களிடத்து என்ன மதிப்பிருக்கும் என்பதைச் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் எவரேனும் எழுந்து கூறட்டும்.